அறுபதுகளின் போராட்டங்கள் அமெரிக்க அரசியலை எப்படி மாற்றின? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் பேசியது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கூட்டத்தின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. கூட்டம் கலைந்து, எல்லோரும் பஸ் ஏறி ஊருக்குப் போன பிறகு என்ன ஆனது என்பதுதான் அதிகம் பேசப்படாத கதை. கோஷம் எப்படிச் சட்டமானது, சட்டத்தின் எந்த வரி வேலை செய்தது, எது ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது என்பதைத்தான் இந்தப் பக்கம் பார்க்கிறது. இங்கே காங்கிரஸ் என்று வரும் இடமெல்லாம் அமெரிக்க நாடாளுமன்றத்தைக் குறிக்கும். அதற்குப் பிரதிநிதிகள் சபை, செனட் என்று இரண்டு அவைகள்.

அறுபதுகள் என்றால் 1960 முதல் 1969 வரைதானா?

காலண்டர்படி சரி. ஆனால் பஸ்ஸில் நிறப் பாகுபாட்டை எதிர்த்து அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் பஸ் புறக்கணிப்பு 1955 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. பெண்கள், சுற்றுச்சூழல், மாற்றுத்திறனாளிகள் இயக்கங்கள் கேட்ட சட்டங்களில் பெரும்பாலானவை எழுபதுகளில்தான் வந்தன. 1960 பிப்ரவரியில் மாணவர்கள் ஒரு கடையில் உட்கார்ந்து நடத்திய போராட்டத்தில் தொடங்கி, வியட்நாம் போர் முடிந்த 1975 வரை ஒரே ஓட்டமாக எடுத்துக்கொள்வது வசதி.

அடிமை முறை 1865இலேயே ஒழிந்துவிட்டதே. நூறு வருடம் கழித்து வாக்குரிமைக்குப் போராட்டம் எதற்கு?

உரிமை காகிதத்தில் இருந்தது. நிறத்தைக் காரணம் காட்டி வாக்கை மறுக்கக் கூடாது என்று 1870இலேயே அரசியல் சாசனத் திருத்தம் வந்துவிட்டது. தென் மாநிலங்கள் அதை மீறவில்லை, சுற்றிக்கொண்டு போயின. வாக்காளராகப் பதிய ஒரு தேர்வு எழுத வேண்டும், சில மாநிலங்களில் வாக்கு வரியும் கட்ட வேண்டும். தேர்வில் யார் தேறினார்கள் என்று முடிவு செய்வது உள்ளூர் எழுத்தர்.

ஃபேனி லூ ஹேமரின் கதையைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத்தில் வேலை செய்தவர். 1962 ஆகஸ்ட் 31 அன்று, 44 வயதில், பதினேழு பேரோடு ஒரு பழைய பஸ்ஸில் இண்டியனோலா என்ற ஊருக்குப் பதியப் போனார். எழுத்தர் மாநில அரசியல் சாசனத்தில் ஒரு பிரிவைக் காட்டி, எழுதப்படாமலே நடைமுறையில் இருக்கும் சட்டங்களைப் பற்றிய அந்தப் பகுதிக்கு விளக்கம் எழுதச் சொன்னார். 'ஒரு குதிரைக்குக் கிறிஸ்துமஸ் நாளைப் பற்றி எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் எனக்கும் அந்தச் சட்டத்தைப் பற்றித் தெரியும்' என்று அவர் பிற்பாடு சொன்னார். நம் ஊர்க் கழுதையும் கற்பூரமும் மாதிரி! தோல்வி. திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. பஸ்ஸின் நிறம் சரியில்லை, மஞ்சள் தூக்கலாக இருக்கிறது என்று அபராதம். இருந்தவர்கள் கையிலிருந்த காசைச் சேர்த்துக் கட்டினார்கள். வீட்டுக்கு வந்தால், தோட்ட முதலாளி விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் கிளம்பு என்றார். பதினெட்டு வருடம் உழைத்த இடத்தை விட்டு அன்று இரவே வெளியேறினார். பின்னர் 1963இல் தேர்வில் தேறினார். வாக்களிக்கப் போனபோது, வாக்கு வரி கட்டிய ரசீது எங்கே என்று கேட்டார்கள்.

அந்த மாநிலத்தில் அப்போது வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவரில் பதிவு பெற்றிருந்தவர்கள் 7 சதவீதத்துக்கும் குறைவு.

நான்கு மாணவர்கள் காபி கேட்டு உட்கார்ந்ததெல்லாம் எப்படிப் பெரிய விஷயமானது?

1960 பிப்ரவரி 1, வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ. நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் உல்வொர்த் கடைக்குள் போய்ச் சில சாமான்கள் வாங்கினார்கள். அதே கடையின் சிற்றுண்டிப் பகுதியில் உட்கார்ந்து காபி கேட்டபோது தரவில்லை. பற்பசை விற்ற கடை காபி விற்க மறுத்தது. அபத்தத்தை விளக்க வேறு பேச்சே தேவைப்படவில்லை. கடை மூடும் வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இன்னும் சிலர் வந்தார்கள், வாரக் கடைசியில் நூற்றுக்கணக்கானோர். சில வாரங்களில் தென் மாநிலங்களின் பல நகரங்களுக்குப் பரவியது. வியாபாரம் அடிபட்டு, ஜூலை 25 அன்று கடை இறங்கி வந்தது. அன்று அந்த மேஜையில் முதலில் உபசரிக்கப்பட்ட கறுப்பினத்தவர்கள் அந்தக் கடையின் சொந்த ஊழியர்கள். அதுவரை தாங்கள் வேலை பார்த்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல் இருந்தவர்கள்.

ஒரு கடை திறந்துவிட்டால் நாடு திறந்துவிடாது, அது வேறு. ஆனால் இரண்டு காரியங்கள் நடந்தன. அந்த ஏப்ரலில் எல்லா பேக்கர் என்ற மூத்த அமைப்பாளரின் முயற்சியில் மாணவர்கள் தங்களுக்கென ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். ஹேமரைப் பதியக் கூட்டிப்போனது பின்னாளில் அவர்கள்தான். அப்புறம், ஓட்டல், சிற்றுண்டிச் சாலை, திரையரங்கு எல்லாமே கூட்டாட்சி அரசு தலையிடக் கூடிய இடங்கள் என்ற வாதத்துக்கு உயிர் வந்தது. 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் தலைப்பு (சட்டத்தின் பெரும் பகுதிகளை அங்கே தலைப்பு என்பார்கள்) அதைத்தான் சொல்கிறது.

1964 சிவில் உரிமைச் சட்டம் எப்படி நிறைவேறியது? கென்னடி இறந்த அனுதாபத்தாலா?

அனுதாபம் உதவியது, அது மட்டுமே போதவில்லை. 1963 மே மாதம் அலபாமாவின் பர்மிங்காமில் ஊர்வலம் போன பள்ளிக் குழந்தைகள் மீது தீயணைப்புக் குழாயில் தண்ணீர் பீய்ச்சினார்கள், கூட்டத்தின் மேல் நாய்களை ஏவினார்கள். உலகமே அந்தப் படங்களைப் பார்த்தது. அதுவரை தயங்கிக்கொண்டிருந்த கென்னடி ஜூன் 11 அன்று தொலைக்காட்சியில் சட்டம் கொண்டுவரப் போவதாக அறிவித்தார். நவம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மசோதா அவருக்குப் பிறகு ஜனாதிபதியான லிண்டன் ஜான்சன் கைக்கு வந்தது.

உண்மையான முட்டுக்கட்டை செனட். அங்கே ஒரு மசோதாவைத் தோற்கடிக்க வாக்கு வேண்டாம், வாய் போதும். பேச்சை நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தால் வாக்கெடுப்பே வராது. இதற்குப் பெயர் ஃபிலிபஸ்டர். தென் மாநில செனட்டர்கள் அப்படி 60 வேலை நாட்கள் இழுத்தார்கள். கடைசியாக ராபர்ட் பேர்ட் மட்டும் 14 மணி நேரத்துக்கு மேல் பேசினார். பேச்சை முடித்து வைக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 67 வாக்குகள் வேண்டும். சிவில் உரிமை மசோதா எதற்கும் அதுவரை அது கிடைத்ததில்லை.

ஜூன் 10 அன்று வாக்கெடுப்பு. கலிஃபோர்னியா செனட்டர் கிளேர் எங்கிளுக்கு மூளையில் கட்டி, பேச்சு போய்விட்டது. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மெதுவாகக் கையைத் தூக்கித் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் 'ஆம்' என்று வாக்களிக்கும் சொல்லும் 'கண்' என்ற சொல்லும் ஒரே ஒலி, 'ஐ'. எழுத்தர் புரிந்துகொண்டு அதை 'ஆம்' என்று பதிந்தார். முடிவு 71க்கு 29. எங்கிள் ஏழு வாரங்களில் இறந்துபோனார். சட்டத்தில் ஜான்சன் கையெழுத்திட்டது ஜூலை 2.

குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் எவரெட் டர்க்சன் தன் ஆட்களைத் திரட்டித் தராவிட்டால் அந்த 71 வந்திருக்காது. ஜான்சனின் சாமர்த்தியத்தைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள், டர்க்சனுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பங்கு கொடுக்கிறார்கள்.

அந்தச் சட்டத்தில் எந்தப் பகுதி அதிகம் வேலை செய்தது?

என்னைக் கேட்டால் ஆறாம் தலைப்பு. மேடைப் பேச்சுகளில் இடம் பெறாத, சாதுவான ஒரே ஒரு வாக்கியம். கூட்டாட்சி அரசின் நிதி பெறும் எந்தத் திட்டத்திலும் இனம், நிறம், பூர்வீக நாடு காரணமாக யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. மீறினால் காசு நிற்கும்.

1966இல் இதன் பலத்தைப் பார்க்க முடிந்தது. முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேர் அந்த ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வரவிருந்தது. அதுவரை தென் மாநில மருத்துவமனைகளில் கறுப்பினத்தவருக்குத் தனி வார்டு, தனி வாசல், பல இடங்களில் அனுமதியே இல்லை. மெடிகேர் பணம் வேண்டுமானால் பிரிவினையை எடுத்துவிட்டு வாருங்கள் என்று அரசு சொன்னது. ஆய்வாளர்கள் நேரில் போனார்கள். அதிகாரி வரும் நாளில் மட்டும் வார்டை மாற்றி வைக்கும் தந்திரம் பலிக்கவில்லை. உள்ளே வேலை பார்த்த கறுப்பின ஊழியர்களே ரகசியமாக விவரம் சொன்னார்கள். சில மாதங்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் தங்கள் தடுப்புகளை எடுத்தன. பள்ளிகளில் பத்து வருடம் வழக்கு நடத்தியும் நகராத விஷயம், ஆஸ்பத்திரியில் ஒரு பருவத்தில் நடந்துவிட்டது. வழக்குப் போட்டால் வாய்தா வாங்கலாம். பணம் நின்றால் மாதச் சம்பளம் நிற்கும்.

செல்மாவுக்கும் வாக்குரிமைச் சட்டத்துக்கும் என்ன தொடர்பு?

1964 சட்டம் வாக்குரிமையில் பலவீனமாக இருந்தது. 1965 மார்ச் 7, ஞாயிறு. அலபாமாவின் செல்மாவில் சுமார் 600 பேர் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைத் தாண்டி நடந்தார்கள். மாநிலக் காவலர்கள் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் அடித்து விரட்டினார்கள். பின்னாளில் காங்கிரஸ் உறுப்பினரான ஜான் லூயிஸின் மண்டை ஓட்டில் விரிசல். அன்றிரவு ஏபிசி தொலைக்காட்சி, நாஜிகள் மீதான நியூரம்பெர்க் விசாரணையைப் பற்றிய படத்தை ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. நடுவில் படத்தை நிறுத்திச் செல்மா காட்சியைப் போட்டார்கள். யாரும் திட்டமிட்டிருக்க முடியாத பொருத்தம். எட்டு நாளில் ஜான்சன் காங்கிரஸில் பேசினார், ஆகஸ்ட் 6 அன்று சட்டம் வந்தது.

அதில் கூரான பகுதி ஐந்தாம் பிரிவு. பாகுபாட்டு வரலாறு உள்ள பகுதிகள் தேர்தல் விதியில் எதை மாற்றினாலும், வாக்குச்சாவடியை அடுத்த தெருவுக்கு மாற்றினாலும், மத்திய நீதித் துறையிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ முன் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு முன்பு அநியாயம் நடந்த பிறகு பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட வேண்டியிருந்தது. வழக்கு முடிவதற்குள் தேர்தலே முடிந்துவிடும். இப்போது நிரூபிக்கும் பாரம் எதிர்ப் பக்கம் போனது. மிசிசிப்பியில் கறுப்பின வாக்காளர் பதிவு 1967க்குள் கிட்டத்தட்ட 60 சதவீதத்தைத் தொட்டது.

அந்தச் சட்டம் இப்போதும் இருக்கிறதா?

உடம்பு இருக்கிறது, பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். எந்தெந்தப் பகுதிகளுக்கு முன் அனுமதி பொருந்தும் என்று கணக்கிடும் சூத்திரம் காலாவதியானது என்று 2013 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்தாம் பிரிவு செயலற்றுப்போனது. நனையவில்லையே என்று மழையில் குடையைத் தூக்கி எறிவது போன்றது இது என்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் மாறுபட்டு எழுதினார். தீர்ப்பு வந்த அன்றே டெக்சாஸ், அதுவரை தடுக்கப்பட்டிருந்த வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை அமல்படுத்தப் போவதாக அறிவித்தது.

பெண்களுக்கான பாதுகாப்பைக் கேலிக்காகச் சேர்த்தார்கள் என்பது உண்மையா?

பாதி உண்மை. வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் ஏழாம் தலைப்பில் முதலில் இனம், நிறம், மதம், பூர்வீகம் மட்டும்தான். 1964 பிப்ரவரி 8 அன்று பிரதிநிதிகள் சபையில் வர்ஜீனியா உறுப்பினர் ஹோவர்ட் ஸ்மித், மசோதாவையே எதிர்த்தவர், 'பால்' என்ற சொல்லையும் சேர்க்கச் சொன்னார். அவையில் ஒரே சிரிப்பு. நாட்டில் ஆண்கள் எண்ணிக்கை குறைவு, இதற்கு ஏதாவது வழி செய்யுங்கள் என்று ஒரு பெண் எழுதிய கடிதத்தை வேறு வாசித்துக் காட்டினார். மிச்சிகனின் மார்த்தா கிரிஃபித்ஸ் எழுந்து, பெண்கள் இரண்டாந்தரம் என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை, இந்தச் சிரிப்பே போதும் என்றார். சிரிப்பு அடங்கிவிட்டது. 168க்கு 133 என்று திருத்தம் நிறைவேறியது.

ஆனால் ஸ்மித் வெறும் கேலிக்காரர் அல்ல. பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசியல் சாசனத் திருத்தத்தைப் பல வருடங்களாக ஆதரித்தவர். தேசிய மகளிர் கட்சியினர் அவரிடம் இதை முன்கூட்டியே கேட்டுமிருந்தார்கள். கறுப்பினத்தவருக்கு எதிரியும் பெண்களுக்கு ஓரளவு நண்பனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாதா என்ன?

சட்டத்தை நடத்த வந்த ஆணையம் அந்தச் சொல்லைக் கண்டுகொள்ளவில்லை. செய்தித்தாள்களில் 'ஆண்கள் தேவை', 'பெண்கள் தேவை' என்று தனித்தனிப் பத்திகள் தொடர்ந்தன. அந்த எரிச்சலில்தான் 1966 ஜூனில் வாஷிங்டனில் ஒரு மாநாட்டில், பெண்ணிய எழுத்தாளர் பெட்டி ஃபிரீடன் கை துடைக்கும் காகிதத்தில் ஒரு புதிய அமைப்பின் பெயரைக் கிறுக்கினார். தேசியப் பெண்கள் அமைப்பு அப்படிப் பிறந்தது. தனிப் பத்திகளுக்கு உச்ச நீதிமன்றம் 1973இல் முடிவு கட்டியது. 2020இல் அதே ஒற்றைச் சொல்லை வைத்து, ஒருபால் ஈர்ப்பாளர்களையும் திருநர்களையும் அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நீக்க முடியாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. 1964இல் சிரித்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆறாம் தலைப்பு மற்ற இயக்கங்களுக்கும் உதவியதா?

உதவியது. கிட்டத்தட்ட நகல் எடுத்தார்கள். அந்த வாக்கியத்தில் 'இனம்' என்ற இடத்தில் 'பால்' என்று போட்டுக் கல்விக்கு மட்டும் பொருத்தினால் 1972 கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் தலைப்பு. அதற்கு முன் உயர்நிலைப் பள்ளி விளையாட்டில் சுமார் 2,94,000 பெண்கள் இருந்தார்கள். இப்போது 30 லட்சத்துக்கு மேல். 'உடல் குறைபாடு' என்று போட்டால் 1973 மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு.

504ஐச் சேர்த்தபோது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. செலவு எவ்வளவு என்று கணக்கிட்ட பிறகுதான் அரசுக்கு வியர்த்தது. விதிகளில் கையெழுத்துப் போடாமல் நான்கு வருடம் தள்ளிப்போட்டார்கள். 1977 ஏப்ரல் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் உள்ள மத்திய அரசு அலுவலகத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் நூற்றுக்கும் மேற்பட்டோர் போய் உட்கார்ந்தார்கள். ஜூடி ஹியூமன் முன்னணியில் இருந்தார். மூன்று வாரங்களுக்கு மேல் வெளியே வரவில்லை. படுக்கையில் திரும்பிப் படுக்கவே உதவியாள் தேவைப்படுபவர்கள் அலுவலகத் தரையில் தூங்கினார்கள். கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய கறுப்புச் சிறுத்தைகள் கட்சியினர் சமைத்த சாப்பாட்டைத் தினமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 28 அன்று கையெழுத்தானது. 1990இல் வந்த விரிவான மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு அடித்தளம் இதுதான்.

மாணவர் போராட்டம்தான் வியட்நாம் போரை நிறுத்தியதா?

நிறுத்தியது என்று சொல்வது மிகை. போர் 1975 வரை இழுத்தது, 58,000க்கு மேற்பட்ட அமெரிக்கர்களும் அதைப்போல் பல மடங்கு வியட்நாமியரும் இறந்தார்கள். ஆனால் போரை நடத்தும் விதத்தை மாற்றியது. கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே சொல்லும் தேர்தலுக்கு முதன்மைத் தேர்தல் என்று பெயர். 1968 மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷயரில் ஜனநாயகக் கட்சியின் முதன்மைத் தேர்தலில், போர் எதிர்ப்பு வேட்பாளர் யூஜின் மெக்கார்த்தி பதவியில் இருந்த ஜனாதிபதிக்கு எதிராக 42 சதவீதம் வாங்கினார். அந்த மாதக் கடைசியிலேயே ஜான்சன் மறுபடி போட்டியிடப்போவதில்லை என்றார்.

கட்டாய ராணுவச் சேவைக்கு 1969 டிசம்பர் 1 அன்று குலுக்கல் நடந்தது. 366 பிறந்த தேதிகளை நீலக் குப்பிகளில் போட்டு, தொலைக்காட்சியில் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. ஏற்பாடு நியாயமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது, ஆனால் பிறந்த தேதியால் உயிர் போகும் என்பதை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்க வைத்துவிட்டது. 1973இல் கட்டாயச் சேவையே முடிவுக்கு வந்தது.

சண்டை போடும் வயது வந்தால் வாக்களிக்கும் வயதும் வந்ததுதானே என்ற கோஷம் 1971இல் பலித்தது. வாக்களிக்கும் வயது 18 ஆனது. காங்கிரஸ் அனுப்பிய திருத்தத்தை மாநிலங்கள் சுமார் நூறே நாட்களில் ஏற்றன. ஜனாதிபதியின் போர் அதிகாரத்துக்குக் கடிவாளம் போடும் 1973 தீர்மானம் அப்போதைய ஜனாதிபதி நிக்சன் போட்ட வீட்டோ என்ற தடையையும் மீறி நிறைவேறியது. பின்வந்த ஜனாதிபதிகள் அந்தக் கடிவாளத்தை அவ்வளவாக மதித்ததில்லை.

ஜனாதிபதி வேட்பாளரை மக்களே தேர்ந்தெடுக்கும் வழக்கம் இந்தக் காலத்தில் வந்ததா?

இன்றைய வடிவம் இந்தக் காலத்தில்தான் வந்தது. இதிலும் ஹேமர் வருகிறார். 1964 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு மிசிசிப்பி வெள்ளையர் மட்டும் கொண்ட குழுவை அனுப்பியது. அதை எதிர்த்து ஹேமரும் மற்றவர்களும் மாற்றுக் குழுவாக வந்தார்கள். தான் சிறையில் அடிபட்ட கதையை அவர் கட்சிக் குழுவின் முன் சொன்னபோது, கேமராக்களை இழுக்க ஜான்சன் அவசரமாக ஒரு பத்திரிகையாளர் சந்திப்பை வைத்தார். தொலைக்காட்சிகள் ராத்திரி ஹேமரின் பேச்சைத்தான் போட்டன. சமரசமாக இரண்டு இடம் தருகிறோம் என்றார்கள். மறுத்துவிட்டார்கள்.

1968 சிகாகோ மாநாட்டில் ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு முதன்மைத் தேர்தலில்கூடப் போட்டியிடாமல் வேட்பாளர் ஆனார். வெளியே போலீஸ் மாணவர்களை அடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு கட்சி அமைத்த ஆணையம் விதிகளைத் திருத்தியது. பிரதிநிதிகளைத் தலைவர்கள் அறைக்குள் நியமிப்பது போய், முதன்மைத் தேர்தல்கள் பெருகின. பெண் பிரதிநிதிகள் 1968இல் 13 சதவீதம், 1972இல் சுமார் 40. குடியரசுக் கட்சியும் அதே வழியில் வந்தது. அந்த ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் மெக்கவர்ன் புதிய விதிகளின்படி 1972 வேட்பாளராகி, 49 மாநிலங்களில் தோற்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சுற்றுச்சூழல் சட்டங்களைப் போட்டது வலதுசாரி நிக்சனா?

ஆமாம், அவர்தான். ஆசையால் அல்ல, கணக்கால். 1969இல் சாண்டா பார்பரா கடற்கரையில் எண்ணெய் கசிந்தது, கிளீவ்லாந்தில் கயஹோகா ஆறு தீப்பிடித்தது. 1970 ஏப்ரல் 22, முதல் பூமி தினத்தில் சுமார் 2 கோடிப் பேர் கலந்துகொண்டார்கள். மக்கள்தொகையில் பத்தில் ஒருவர். தன்னை எதிர்த்து நிற்கக்கூடிய செனட்டர் எட்மண்ட் மஸ்கி இந்தப் பேரை வாங்கிவிடக் கூடாது என்பது நிக்சனின் கவலை. காற்றுத் தூய்மைச் சட்டம் செனட்டில் 73க்கு 0 என்று நிறைவேறியது. இன்றைய வாஷிங்டனில் அப்படி ஓர் எண்ணை நினைத்துப் பார்க்க முடியாது.

பெரிய திட்டம் எதற்கும் முன்பு சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வேண்டும் என்ற விதி 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தான சட்டத்திலிருந்து வருகிறது. இந்தியா 1994இல் அதைக் கட்டாயமாக்கியது. அதே விதியைப் பிடித்துக்கொண்டு இன்று காற்றாலையையும் குடியிருப்பையும்கூட வழக்கில் முடக்குகிறார்கள் என்ற புகாரும் நியாயமானதுதான்.

இந்தக் கதையில் இந்தியாவுக்கு ஏதாவது பங்கு உண்டா?

உண்டு. கொரியப் போருக்குப் போக மறுத்துச் சிறை சென்ற ஜேம்ஸ் லாசன், பிறகு மெதடிஸ்ட் ஊழியராக நாக்பூர் வந்து, ஐம்பதுகளில் சில வருடங்கள் ஹிஸ்லாப் கல்லூரியில் வேலை செய்தபடி காந்தியின் வழியைப் படித்தார். திரும்பிப் போய் நாஷ்வில் மாணவர்களுக்கு அடியை வாங்கும் பயிற்சி கொடுத்தார். ஒருவர் தலையில் காபி ஊற்றுவார், இன்னொருவர் நாற்காலியைத் தட்டிவிடுவார், கை ஓங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கிங்கும் 1959இல் இந்தியா வந்தார். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட மாணவர்கள் படித்த ஒரு பள்ளியில் அவரை 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர்' என்று அறிமுகப்படுத்தினார்களாம். முதலில் சுருக்கென்றது, யோசித்த பிறகு ஆமாம், நான் அதுதான் என்று தோன்றியது என்று அவரே ஒரு பிரசங்கத்தில் சொன்னார்.

நம்மவர்கள் அமெரிக்காவில் குடியேறியதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம். 1965க்கு முன் இந்தியாவுக்கான ஒதுக்கீடு வருடத்துக்கு 100 பேர். உள்நாட்டில் இனப் பாகுபாடு சட்ட விரோதம் என்று எழுதிவிட்டு, வாசலில் மட்டும் பிறந்த நாட்டைப் பார்த்து அளப்பதை நியாயப்படுத்த முடியவில்லை. 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திரதேவி சிலைக்கு அடியில் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம் ஒரு நாட்டுக்கு 20,000 வரை அனுமதித்தது. இது புரட்சிகரமான சட்டம் அல்ல என்று அன்றே பேசினார். அதன் பிறகு போன மருத்துவர்கள், பொறியாளர்களில் தமிழர்கள் எத்தனை பேர் என்று உங்கள் சொந்தக்காரர்களை எண்ணிப் பார்த்தாலே போதும்.

சட்டம் வருவதற்கு முன்பே, 1958இல் மாணவியாகப் பெர்க்லி போன சியாமளா கோபாலன் அங்கே சிவில் உரிமை ஊர்வலங்களில் நடந்தார். துணை ஜனாதிபதியாக இருந்த கமலா ஹாரிஸ் அவருடைய மகள்.

விவசாயக் கூலிகளின் திராட்சைப் புறக்கணிப்பு என்ன ஆனது?

1965இல் கலிஃபோர்னியாவின் டெலானோவில் பிலிப்பினோ தொழிலாளர்கள் தொடங்கினார்கள், சீசர் சாவேஸ், டொலோரஸ் ஹுவெர்ட்டாவின் சங்கம் சேர்ந்துகொண்டது. நாடு முழுக்க வீட்டுப் பெண்கள் திராட்சை வாங்குவதை நிறுத்தினார்கள். 1970இல் ஒப்பந்தம், 1975இல் மாநிலச் சட்டம். முதுகை வளைத்தே வேலை வாங்கிய குட்டைக் கைப்பிடி மண்வெட்டிக்கும் அந்த வருடம் தடை வந்தது.

இந்த இயக்கங்கள் இவ்வளவு வென்றும் வலதுசாரிகள் எப்படி வளர்ந்தார்கள்?

அதே பாடத்தைப் படித்துத்தான். 1964இல் சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர் நாடு முழுக்கத் தோற்று, சொந்த அரிசோனாவையும் தென்கோடி மாநிலங்கள் ஐந்தையும் மட்டும் வென்றார். 1968இல் பிரிவினைவாதி ஜார்ஜ் வாலஸ் ஐந்து தென் மாநிலங்களை அள்ளினார். நிக்சன் 'சட்டம் ஒழுங்கு' என்று நாசூக்காகப் பேசி நடுவில் புகுந்தார். தெற்கை நெடுங்காலத்துக்குக் குடியரசுக் கட்சியிடம் கொடுத்துவிட்டோம் என்று ஜான்சன் அப்போதே சொன்னதாக அவருடைய உதவியாளர் பில் மோயர்ஸ் நினைவுகூர்ந்தார். ஒரே ராத்திரியில் அது நடக்கவில்லை. 1976இலும் ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டர் தெற்கை வென்றார். பிரதிநிதிகள் சபையில் தெற்கின் பெரும்பான்மை குடியரசுக் கட்சிக்குப் போக 1994 ஆனது.

நிறவெறி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். ஃபிலிஸ் ஷ்லாஃப்லியைப் பாருங்கள். பெண்களுக்குச் சம உரிமை தரும் திருத்தம் 1972இல் காங்கிரஸில் நிறைவேறி, 38 மாநிலங்கள் தேவைப்பட்ட இடத்தில் 35 வரை வந்துவிட்டது. அதை நிறுத்தியவர் இந்தப் பெண்மணி. அவருடைய ஆதரவாளர்கள் வீட்டில் சுட்ட ரொட்டியை எடுத்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினர்களின் அறைக் கதவைத் தட்டினார்கள். தெருவில் இறங்கி அரசியலை மாற்றலாம் என்று அறுபதுகள் கற்றுக்கொடுத்தது இடதுசாரிகளுக்கு மட்டும் அல்லவே.

அரசு போராட்டக்காரர்களை உளவு பார்த்தது எப்படி வெளியே வந்தது?

திருட்டால். 1971 மார்ச் 8 இரவு, முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதிய குத்துச்சண்டையை நாடே கேட்டுக்கொண்டிருந்தபோது, பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிற்றூரில் உள்ள எஃப்பிஐ (கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை) அலுவலகப் பூட்டை உடைத்துச் சிலர் கோப்புகளை அள்ளிக்கொண்டு போய்ப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். போராட்டக்காரர்களைக் குலைக்க நடந்த ரகசியத் திட்டம் அம்பலமானது. 1975இல் செனட் விசாரணை, 1978இல் ஒற்றுக்கேட்புக்கு நீதிமன்ற அனுமதி கோரும் சட்டம். திருடியவர்கள் கடைசிவரை பிடிபடவில்லை. 2014இல் சிலர் தாங்களாகவே வெளியே வந்து சொன்னார்கள்.

தோற்ற கோரிக்கைகள் எவை?

வீடும் கூலியும். கிங் 1968 ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் வீட்டு வசதிச் சட்டம் நிறைவேறியது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாடு கூடாது என்றது. ஆனால் வாக்குச் சேர்ப்பதற்காக அமலாக்கும் அதிகாரத்தைச் சமரசத்தில் வெட்டிவிட்டார்கள். புகார் வந்தால் அரசுத் துறை இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசலாம், அவ்வளவுதான். அந்த அதிகாரம் வர 1988 ஆனது. அதற்குள் நகரங்கள் எப்படிப் பிரிய வேண்டுமோ அப்படிப் பிரிந்துவிட்டன.

கூலி விஷயம் இன்னும் மோசம். கிங் சுடப்பட்டது மெம்பிஸில், துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணையாகப் போன இடத்தில். அந்தக் கோடையில் வாஷிங்டனில் ஏழைகள் போட்ட கூடாரங்கள் மழையிலும் சேற்றிலும் ஊறி, ஜூன் மாதம் போலீஸால் அகற்றப்பட்டன. 1963இல் கிங் வாஷிங்டனில் பேசிய, இரண்டரை லட்சம் பேர் திரண்ட பேரணியின் முழுப் பெயரிலேயே 'விடுதலை'க்கு முன்னால் 'வேலை' இருந்தது. அதன் கோரிக்கைகளில் ஒன்று, மணிக்கு 1.15 டாலராக இருந்த குறைந்தபட்சக் கூலியை 2 டாலர் ஆக்குவது. அந்த 2 டாலருக்கு இன்றைய மதிப்பு ஏறக்குறைய 20 டாலர். கூட்டாட்சிச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையில் 7.25 டாலராக உயர்த்தப்பட்டு, அங்கேயே நிற்கிறது.